கெண்டை

பேருந்துக்குப் பத்தடி இருந்தது.
ஓடினேன்.
பின்னாலிருந்து யாரோ கல்லெறிந்தாற்போல
இடது காலில் ஓர் அடி.
திரும்பிப் பார்த்தேன், யாருமில்லை.
தொழிற்சாலை வேலி, தெருவிளக்கு,
மழைக்கு ஒதுங்கிய நாய்.
பாயான் லெப்பாசில் இரவு ஷிப்ட் அன்றைக்கு
நான் இல்லாமலே தொடங்கியது.

பொது மருத்துவமனையில் ஸ்கேன் திரையைத் திருப்பிக் காட்டினார்கள்:
சாம்பல் நிறத் தண்ணீர்,
அதில் குறுக்கே ஒரு கறுப்புக் கீற்று.
கெண்டைக்கால், கெண்டைக்கால் என்று சொல்லிப் பழகிய வாய்க்கு
அன்றுதான் உள்ளே மீன் இருப்பது உறைத்தது.
நாற்பத்தோரு வருடம் கூடவே நீந்தியிருக்கிறது,
ஒரு சத்தம் போடாமல்.

ஐந்து நாள் ஐஸ், தலையணைமேல் கால்.
நாத்தனார் தமயந்தி காமாட் எண்ணெயோடு வந்தாள்,
நீவிவிட்டால் கூடிக்கொள்ளும் என்றாள்.
இப்போது கூடாதாம், உள்ளே இன்னும் ரத்தம் கசியுது என்றேன்.
அப்போ அசையாமல் கிட என்றாள்.
அதுவும் கூடாதாம், ஆறாம் நாள் அசைக்கணுமாம்.
புட்டியை மேசைமேல் வைத்துவிட்டு
என் புத்தியைப் பற்றி
என் வீட்டுக்காரரிடம் பேசப் போனாள்.

பிசியோ நூருல் ஹிதாயா மலாயில் சொன்னது
எனக்குத் தமிழில் இப்படி விளங்கியது:
கிழிந்த இடத்தில் உடம்பு அவசரத்துக்குப் பசை பூசும்,
திசை பாராமல், அங்குமிங்கும்,
பூனை கலைத்த நூல்கண்டு மாதிரி.
சும்மா படுத்திருந்தால் அந்தச் சிக்கலே கால் ஆகிவிடும்.
நாரின் விளிம்பில் தூங்கும் அணுக்கள் சில உண்டு.
காயம் அவற்றை எழுப்பும்;
எழுந்தவை பெருகும், ஒன்றோடொன்று ஒட்டிப் புது நாராகும்.
எந்தப் பக்கம் நீளுவது என்று
அவற்றுக்குத் தெரியாது.
இழுத்தால்தான் தெரியும்.
இழு, பெலான் பெலான், என்றாள்.

முதலில் கால் கட்டைவிரலால் காற்றில் எழுதச் சொன்னாள்.
அவள் நினைத்தது ஏபிசி.
நான் அ எழுதினேன், ஆ எழுதினேன்,
ஔவில் வியர்த்தேன்.
ஃ வந்தபோது
மூன்று புள்ளிக்கும் மூன்று வலி.

பிறகு ரெலாவ் ஃப்ளாட்டின் பதினான்காம் மாடிப் படிக்கட்டு.
பாதத்தின் முன்பாதி மட்டும் படியில், குதிகால் அந்தரத்தில்.
ஏறுவது இரண்டு காலால்,
இறங்குவது அந்த ஒன்றால் மட்டும், நாலு எண்ணி.
தூக்குவதைவிட
தாங்கிக்கொண்டே இறக்குவதில்தான் தசைக்குப் பாடு அதிகம்.
அங்கே சிகரெட் பிடிக்க வரும் பூன் ஹுவாட்
கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஹொக்கியனில் எண்ணுவார்:
சிட், நோ, சா, சி.
நடுவில் இருமல் வந்தால்
எண் மறந்து மறுபடி சிட்.
அதனால் என் பத்து
பல நாள் பதினாறானது.

நாலாம் வாரம் ஆசை மீறியது.
ஒரே மூச்சில் ஐம்பது.
ராத்திரி கால் பன்னாய் வீங்கி
தன் இதயத்தைத் தனியாக வைத்துக்கொண்டு அடித்தது.
ஹிதாயா திட்டவில்லை. ஐம்பதை அடித்து
எட்டு என்று எழுதித் தந்தாள்.
எட்டு எனக்கு அவமானமாக இருந்தது.
எட்டைத்தான் செய்தேன்.

ஒன்பதாம் வாரம் அளவு நாடா.
வலதைவிட இடது ஒன்றரை சென்டிமீட்டர் மெலிவு.
வரும், என்றாள். எப்போது என்று நான் கேட்கவில்லை,
அவளும் சொல்லவில்லை.
எம்சி முடிந்துவிட்டது.

நேற்றிரவு அதே நிறுத்தம், அதே பத்தடி,
கதவு மூடத் தொடங்கியிருந்தது.
ஓடவில்லை என்றால் பொய்,
ஓடினேன் என்றாலும் பொய்தான்.
நாலு எட்டு.
டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டான்.

உட்கார இடமில்லை.
ஏசிக் குளிரில் அந்த ஒரு விரல்கடை மட்டும்
முடிச்சிட்ட கயிறாய் இறுகி நின்றது.
கம்பியைப் பிடித்துக்கொண்டு
குதிகாலைத் தூக்கினேன்.
சிட்.
நோ.